யூரியா லைட் எரியுது!

திருக்கடையூரில் கல்யாணத்துக்கு யாரும் முகூர்த்த நாள் தேடுவதில்லை. அறுபது முடிந்தால் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம். அவரவர் பிறந்த மாதத்தில் அவரவர் நட்சத்திரம் என்றைக்கு வருகிறதோ அன்றைக்கு ஹோமம். ஆடி, மார்கழி என்ற விலக்கும் கிடையாது. அதனால் அபிராமி அம்மன் கோயிலைச் சுற்றி வருஷம் முழுக்க வேன்கள் நிற்கும். சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர், சேலம் என்று எல்லா ஊர் நம்பரும் இருக்கும். ராத்திரி வந்து சேருவார்கள். விடியற்காலை பூஜை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கீழப்பெரும்பள்ளம் கேது, திருவெண்காடு புதன், வைத்தீஸ்வரன்கோயில் செவ்வாய் என்று பார்த்துக்கொண்டே ஊர் திரும்புவார்கள். நேரம் தவறக் கூடாத சவாரி இது. அந்தச் சவாரியில் மீட்டரில் ஒரு விளக்கு எரிந்தால் டிரைவருக்கு வயிற்றைக் கலக்கும்.

மெயின் ரோட்டில் பட்டறை வைத்திருப்பவன் என்பதால் அந்தக் கலக்கம் நேரே என்னிடம் வந்து சேரும். முன்பெல்லாம் ஃபேன் பெல்ட், கிளட்ச் பிளேட், ஹெட்லைட் ஃபியூஸ், ஏசி கேஸ் என்று வருவார்கள். பி.எஸ்.6 வண்டிகள் ரோட்டுக்கு வந்த பிறகு விடியற்காலை போனில் முதல் வாக்கியமே மாறிவிட்டது. "அண்ணே, யூரியா லைட் எரியுது. வண்டி நின்னுடுமா?"

நிற்கலாம். ஆனால் உடனே நிற்காது. அதைத்தான் முதலில் சொல்வேன். மனுஷனுக்கு மூச்சு வந்தால்தான் நான் கேட்பதற்கு ஒழுங்காகப் பதில் சொல்வார்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. 4-லிருந்து 5-ஐத் தாண்டி நேரே 6. டீசல் காருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 0.25 கிராம் வரை நைட்ரஜன் ஆக்சைடு விடலாம் என்றிருந்தது 0.08 கிராமாக இறங்கியது. பெரிய வண்டிகளுக்கு வெட்டு இன்னும் கடுமை. இன்ஜினுக்குள் சூடு ஏறும்போது காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்வதால் உண்டாகும் புகை அது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, நெஞ்சுக்குத் தெரியும். அதை சைலன்சர் வழியில் மடக்க ஒரு கேட்டலிஸ்ட், அதற்கு முன்னால் யூரியாக் கரைசலைப் பீய்ச்ச ஒரு இன்ஜெக்டர், பம்ப், தனி டேங்க், நீல மூடி. டீசல் எக்ஸாஸ்ட் ஃப்ளூயிட் என்பதைச் சுருக்கி டெஃப் என்பார்கள். ஆட்ப்ளூ என்பது ஜெர்மன் வாகனத் தொழில் சங்கம் பதிவுசெய்து வைத்திருக்கும் வணிகப் பெயர். டிரைவர்களுக்கு எல்லாமே யூரியாதான். எல்லா டீசல் வண்டியிலும் இது இருக்காது. சின்ன வண்டிகள் சிலவற்றில் வேறு ஏற்பாடு. பதினைந்து இருபது பேர் உட்காரும் வேன் என்றால் பெரும்பாலும் நீல மூடி இருக்கும்.

அதற்குள் இருப்பது 32.5 சதவீதம் யூரியா, மீதி 67.5 சதவீதம் கனிமம் நீக்கிய சுத்தத் தண்ணீர். வேறொன்றும் இல்லை. இந்த விகிதத்துக்குக் காரணம் உண்டு: யூரியாக் கரைசல் மிகக் குறைந்த வெப்பநிலையில், மைனஸ் 11 டிகிரியில், உறைவது இந்தக் கலவையில்தான். தரங்கம்பாடிக் கடற்காற்று வாங்கும் ஊருக்கு அந்தக் கவலை இல்லை. நமக்கு வெயில்தான் பிரச்சினை. சூடான புகையில் பட்டதும் யூரியா அம்மோனியாவாகப் பிரியும். அந்த அம்மோனியா கேட்டலிஸ்ட்டில் நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்து வெறும் நைட்ரஜனும் தண்ணீருமாக வெளியே போகும். வேலை அவ்வளவுதான்.

மீட்டரில் எரிவது ஒரே விளக்காகத் தெரிந்தாலும் அது மூன்று விதமான புகாரைச் சொல்லும். ஒன்று, டேங்கில் அளவு குறைகிறது. இரண்டு, அளவு இருக்கிறது, சரக்கு சரியில்லை. மூன்று, சரக்கு சரிதான், பீய்ச்சுகிற வழியிலோ புகையை முகர்கிற சென்சாரிலோ கோளாறு. இந்த மூன்றுக்கும் நம் டிரைவர்கள் செய்வது ஒரே வைத்தியம்: ஊத்து. மூன்றில் ஒன்றுக்கு மட்டுமே அது மருந்து. இரண்டாவது கேஸில் ஊற்றினால் கெட்டது நல்லதோடு கலந்து இன்னும் கொஞ்ச நாள் ஒளிந்திருக்கும். மூன்றாவதில் ஊற்றினால் வழிந்து ரோட்டில் வெள்ளையாகக் காயும்.

ஆகவே ஸ்கேனரை எடுப்பதற்கு முன் நான் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா எப்ப ஊத்துனீங்க, எங்க ஊத்துனீங்க?" என்பது. டீசல் செலவில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை டெஃப் செலவாகும். வேன் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வையுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் மூன்று, நான்கு, மிஞ்சினால் ஐந்து லிட்டர் யூரியா போக வேண்டும். "அஞ்சாயிரம் ஓடிட்டேன்ணே, டேங்க் அப்படியே ஃபுல்லா இருக்கு, நம்ம வண்டி யூரியா குடிக்கவே குடிக்காது" என்று பெருமையாகச் சொல்கிறவர் உண்டு. அந்த ஒரு வாக்கியத்திலேயே நோய் தெரிந்துவிடும்: யூரியா பீய்ச்சவே இல்லை. இன்ஜெக்டர் அடைத்திருக்கும், அல்லது பம்பில் பிரஷர் ஏறாது. மாறாக ஆயிரம் கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் குடிக்கிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது. டேங்க் அடியில் வெள்ளைக் கோடு தேடினால் கிடைக்கும்.

அதன் பிறகுதான் ஸ்கேனர், அது காட்டும் கோளாறு எண் (கோடு). பி203எஃப் வந்தால் உண்மையிலேயே அளவு குறைவு. பி203ஏ முதல் பி203டி வரை வந்தால் அளவு பார்க்கும் சென்சாரின் சர்க்யூட். பி207எஃப் என்றால் சரக்கின் தரம். பி20இ8 என்றால் பிரஷர் போதவில்லை. பி20இஇ என்றால் கேட்டலிஸ்ட் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. கோடுகளில் இதுதான் விலை கூடிய பேய். ஆனால் இந்தக் கோடு வந்ததுமே கேட்டலிஸ்ட் போய்விட்டது என்று எஸ்டிமேட் போட்டுக் கொடுக்கும் இடங்களும் இருக்கின்றன. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார் இரண்டு. அவை சொல்லும் கணக்கை வைத்துத்தான் வண்டி அந்த முடிவுக்கு வருகிறது. சென்சாரே பொய் சொன்னால்? அந்தச் சென்சாருக்கு அம்மோனியாவும் நைட்ரஜன் ஆக்சைடு மாதிரியே தெரியும் என்பது இன்னொரு சங்கடம். இன்ஜெக்டர் ஒழுகி அதிகமாக அம்மோனியா போனாலும் "புகை சுத்தமாகவில்லை" என்றே மீட்டர் புலம்பும். இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்க்காமல் கேட்டலிஸ்ட்டுக்கு விலை சொல்பவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இப்போது நம் ஊருக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். மற்ற ஊர் மெக்கானிக்குகளுக்கு இவ்வளவு பாடு இருக்குமா என்று தெரியவில்லை. கடைமடை நெல் சீமையில் யூரியா எந்த வீட்டில் இல்லை? குறுவைக்கும் சம்பாவுக்கும் தாளடிக்கும் மேலுரம் போட வாங்கியதில் அரை மூட்டை திண்ணை மூலையில் எப்போதும் சாய்ந்திருக்கும். பத்து மா நிலமும் ஒரு வேனும் வைத்திருக்கிற ஒருவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். வேனை டிரைவர் ஓட்டுவார், கணக்கு இவர் பார்ப்பார். ஒருநாள் வேன் இழுக்கவில்லை என்று கொண்டுவந்து நிறுத்தினார். ஸ்கேனர் போட்டால் பி207எஃப்.

"என்னண்ணே ஊத்துனீங்க?"

"யூரியாதான்."

"எந்த வாளி? காலி வாளி இருந்தா எடுத்தாரச் சொல்லுங்க."

அவர் கொஞ்ச நேரம் டயரைப் பார்த்தார். "வாளி ஏதுப்பா. நம்ம வயலுக்குப் போடுறதுதான். அதுவும் யூரியா, இதுவும் யூரியா. கடையில ஒரு வாளி ஆயிரத்துக்கு மேல சொல்றான். மூட்டையே இருநூத்தி அறுவத்தாறு ரூபாதானே?"

கணக்கில் அவரை மடக்க முடியாது. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. இருபது லிட்டர் கரைசலுக்குச் சுமார் ஏழு கிலோ யூரியா போதும். நாற்பது ரூபாய்ச் சொச்சம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்கூட அவர் வாங்கவில்லை. போர் தண்ணீரை நாலாக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டியிருக்கிறார். கரைக்கும்போது வாளி ஐஸ் மாதிரி சில்லிட்டதாம். யூரியா தண்ணீரிலிருந்து சூட்டை இழுத்துக்கொண்டுதான் கரையும். "நல்ல யூரியாங்கிறதுக்கு அதுதானே அடையாளம்?" என்றார்.

டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். நல்ல டெஃப் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், நிறமே இருக்காது. நீலம் மூடியில் மட்டும்தான். இதிலோ மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம், வெளிச்சம் பட்டதும் வானவில் நிறம் காட்டியது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் வேப்பெண்ணெய் வாடை. 2015-லிருந்து நாட்டில் விற்கும் மானிய யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வரவேண்டும். பயிருக்குச் சத்து மெல்ல இறங்கட்டும் என்பது ஒரு காரணம். மானியச் சரக்கு தொழிற்சாலைப் பக்கம் போகாமல் இருக்கட்டும் என்பது இன்னொன்று. ஒரு கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது அடியில் மங்கலாக ஒரு வண்டல் இறங்கியிருந்தது. அவரும் குனிந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். 32.5-இல் நிற்க வேண்டிய கோடு அதற்கு நன்றாகக் கீழே நின்றது. கைமதிப்பில் கரைத்திருக்கிறார், தண்ணீர் கூடிவிட்டது. அதனால்தான் தர சென்சார் கண்டுபிடித்தது, லைட் எரிந்தது. ஒருவேளை தராசில் நிறுத்து, சரியாக 32.5 சதவீதம் வரும்படி கரைத்திருந்தால்? லைட் எரிந்திருக்காது. ரிஃப்ராக்டோமீட்டரும் சரி என்றே காட்டியிருக்கும். ஏனென்றால் கையில் பிடிக்கும் அந்தக் கருவியும் டேங்குக்குள் இருக்கும் சென்சாரும் பார்ப்பது கரைசல் எவ்வளவு அடர்த்தி என்பதை மட்டும். வேப்பெண்ணெயையும் சுண்ணாம்பையும் உப்பையும் அவை பார்ப்பதில்லை. அந்த நாற்பது ரூபாய்க் கரைசல் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கேட்டலிஸ்ட்டுக்குள் போய்ப் படிந்திருக்கும். லைட் எரிவதைவிட, எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் இருப்பதுதான் என்னைப் பயமுறுத்தும்.

ஐ.எஸ்.ஓ. 22241 என்று வாளியின் மேல் அச்சடித்திருப்பார்கள். அந்தத் தரத்தின்படி ஒரு கிலோ டெஃப்பில் கால்சியம் அரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, சோடியமும் அப்படியே. கடலோரத்து உப்புத் தண்ணீர் இறங்கிய போர்களில் ஒரு லிட்டரிலேயே நூற்றுக்கணக்கான மில்லிகிராம் உப்பு. கேன் தண்ணீரும் இதற்கு ஆகாது. பையூரெட் என்ற பொருள் உர யூரியாவில் 1.5 சதவீதம் வரை இருக்கலாம்; டெஃப்பில் 0.3 சதவீதத்துக்கு மேல் ஆகாது. பயிருக்குச் சரியானது இரும்புக்கும் சரி என்று ஆகிவிடாது. போதாததற்கு இது குற்றமும்கூட: மானிய உரத்தை வேறு வேலைக்குத் திருப்புவதை 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை தடுக்கிறது.

அவர் வேனில் கேட்டலிஸ்ட் தப்பித்தது. டேங்கை இறக்கி வடித்து, கனிமம் நீக்கிய தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவி, ஃபில்டரை மாற்றி, இன்ஜெக்டரைக் கழற்றினேன். அதன் வாயைப் பார்த்திருக்கிறீர்களா? கல்கண்டு உடைத்து ஒட்டியதுபோல் வெள்ளைப் படிகம் சுற்றிலும் வளர்ந்து, நடுவில் ஊசி நுழையும் அளவு துவாரம் மட்டும் மிச்சம். குத்தூசி போடக் கூடாது, கம்பி பிரஷ்ஷும் கூடாது. துவாரம் கீறினால் பீய்ச்சும் கோணமே மாறிவிடும். வெதுவெதுப்பான சுத்தத் தண்ணீரில் ஊறப்போட்டால் தானே கரையும். யூரியா தண்ணீருக்கு இளகும். பொறுமைதான் இதில் டூல். ஊறி முடிந்ததும் ஒரு பாட்டிலுக்குள் வாயை வைத்து, ஸ்கேனரிலிருந்து டோசிங் டெஸ்ட் கொடுத்து, குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை மில்லி விழுகிறது என்று கம்பெனி அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

கழுவ முடியாத படிகமும் உண்டு. சூடு போதாத சைலன்சரில் யூரியா முழுதாகப் பிரியாமல் வேறொன்றாக இறுகிவிடும். அதற்குத் தண்ணீர் பத்தாது. இதில் கோயில் சவாரிக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. உள்ளே பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், வெயில் தாங்காது என்று இன்ஜினை ஆஃப் பண்ணாமல் ஏசி போட்டுக் கோயில் வாசலில் நிறுத்தியிருப்பார்கள். ஐட்லிங்கில் சைலன்சர் சூடு ஏறாது. சுமார் 180, 200 டிகிரி வந்தால்தான் வண்டி யூரியாவைப் பீய்ச்சவே தொடங்கும். இந்தப் பக்கத்து நவக்கிரகச் சுற்றில் ஒரு கோயிலுக்கும் அடுத்ததற்கும் பத்து இருபது கிலோமீட்டர். சூடு ஏறி வேலை தொடங்குவதற்குள் அடுத்த கோயில் வந்துவிடும். இரண்டு நாள் இப்படிச் சுற்றிய வண்டியை, ஊர் திரும்பும்போதாவது நாலுவழிச் சாலையில் முக்கால் மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள் என்று சொல்லி அனுப்புவேன். புகையில் உள்ள கரித்தூளைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டருக்கும் அது நல்லது.

அளவு சென்சார் கதை வேறு. கோயம்புத்தூர்ப் பக்கத்து வேன் ஒன்று ராத்திரி வந்து நின்றது. மறுநாள் காலை பீமரத சாந்தி. டேங்க் வழிய வழிய ஊற்றியும் "காலி" என்றே மீட்டர் காட்டுகிறது, கிலோமீட்டர் குறைந்துகொண்டே வருகிறது. டிரைவர் தம்பி பாவம், வழியில் இரண்டு இடத்தில் வாளி வாங்கி ஊற்றியிருக்கிறார். பெரியவரின் மகன் பக்கத்தில் நின்று மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில ஆறு மணிக்குள்ள கோயிலுக்குப் போய்டலாமா?"

"கோயில் இங்க இருந்து நடந்து போற தூரம்தான் சார். நீங்க பெரியவங்களக் கூட்டிட்டுப் போய்த் தூங்குங்க. வண்டி இங்க கெடக்கட்டும்."

கோடு பி203சி. டேங்கின் மேல் உள்ள கப்ளரைப் பிரித்தேன். பின்கள் பச்சை பூத்திருந்தன. டெஃப் செம்பைத் தின்னும். பித்தளை, சாதா இரும்பு, அலுமினியம் எதுவும் அதற்கு ஆகாது. இரும்பு டின்னில் வைக்காதே, பித்தளைப் புனலில் ஊற்றாதே என்று நான் சண்டை போடுவது இதற்காகத்தான். நிரம்பி வழிய ஊற்றும்போது சிந்தியது கப்ளர் இடுக்கில் இறங்கி, தண்ணீர் ஆவியாகி, உப்பு மட்டும் கம்பிக்குள் ஊர்ந்து போகும். சுத்தத் தண்ணீரால் துடைத்து, காய வைத்து, கெட்டுப்போன இரண்டு பின்னை மாற்றி, மாட்டியதும் மீட்டர் முழு டேங்க் காட்டியது. வாளி இரண்டும் தண்டம். 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டி இந்தப் பக்கமெல்லாம் வெள்ளக்காடாகக் கிடந்ததே, அதற்குப் பிறகு பல மாதம் எனக்கு இதே கப்ளர் வேலைதான். தண்ணீரில் நின்ற வண்டியில் கோளாறு அன்றைக்கே வராது. பச்சை பூத்த பிறகு வரும்.

சரியாக ஊற்றியும் லைட் அணையவில்லை என்று சிலர் பதறுவார்கள். இக்னிஷனை ஆஃப் பண்ணிவிட்டு ஊற்றுங்கள். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று சொட்டுப் போட்டால் பல வண்டிகள் அதைக் கணக்கிலேயே எடுக்காது. ஐந்து லிட்டராவது போகட்டும். மெல்ல ஊற்றுங்கள். நுரைத்தால் தர சென்சார் குழம்பும். பிறகு சாவியை ஆனில் வைத்து ஒரு நிமிஷம் இன்ஜினைக் கிளப்பாமல் விடுங்கள். சில வண்டிகள் கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் மனசு மாறும். இன்னொன்று: இன்ஜினை ஆஃப் பண்ணியதும் பம்ப் கொஞ்ச நேரம் தானே ஓடி, குழாயில் இருப்பதை டேங்குக்கே இழுத்துக்கொள்ளும். அந்தச் சத்தம் அடங்குமுன் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சைத் திருகும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. குழாயில் தங்கியது அங்கேயே படிகமாகிவிடும்.

லைட்டைப் பார்த்தும் பாராமல் ஓட்டினால் என்ன ஆகும்? பெரிய வண்டிகளில் முதலில் எச்சரிக்கை, அடுத்து இழுவையைக் குறைக்கும், கடைசியில் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகவிடாது. சின்ன வண்டிகளில் இன்னும் இத்தனை கிலோமீட்டர்தான் என்று எண்ணிக்கொண்டே வந்து, பூஜ்யம் ஆனபின் ஒருமுறை ஆஃப் பண்ணினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அந்த நிலைமைக்கு வந்துவிட்டவர் இன்ஜினை ஆஃப் பண்ணாமல் டெஃப் கிடைக்கிற இடம் வரை போய்ச் சேருவதே புத்திசாலித்தனம்.

இதெல்லாம் எதற்கு, ஒரு சின்னப் பெட்டி மாட்டினால் லைட்டே வராதாமே என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எமுலேட்டர் என்று விற்கிறார்கள். யூரியா போகிறது, எல்லாம் நலம் என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் பொய்ச் செய்தி அனுப்பும் பெட்டி. நான் மாட்டுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இப்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது என்பது ஒரு பக்கம். கோயில் வாசலில் ஏசி போட்டு நிற்கும் இருபது வேனின் புகையையும் அங்கே பூ விற்கிற அம்மாதான் காலையிலிருந்து சுவாசிக்கிறார் என்பது இன்னொரு பக்கம்.

"பெரிய கம்பெனிக்காரனே ஏமாத்துறான், நாம பண்ணினா என்ன?" என்று ஒருவர் கேட்டார். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. 2015-இல் ஃபோக்ஸ்வேகன் சோதனைச்சாலையில் ஒரு மாதிரியும் ரோட்டில் ஒரு மாதிரியும் புகைவிடும் சாஃப்ட்வேர் வைத்து அமெரிக்காவில் மாட்டிக்கொண்டது. 2021 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் ஃபோக்ஸ்வேகன் குழுமத்துக்கும் பி.எம்.டபிள்யூ.வுக்கும் சேர்த்து 87.5 கோடி யூரோ அபராதம் போட்டது. குற்றம் என்ன தெரியுமா? ஆட்ப்ளூ டேங்க் எவ்வளவு பெரிதாக இருக்கலாம், எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை ஊற்றினால் போதும் என்று போட்டி போட வேண்டியவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது. காட்டிக்கொடுத்த டைம்லருக்கு அபராதம் இல்லை. அவர்களிடம் வாங்கிய பணத்தின் அளவைப் பார்த்தால், நாமும் பண்ணலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதே 2021-இல் தென் கொரியா பட்ட பாடும் நினைவில் இருக்கட்டும். அக்டோபரில் சீனா யூரியா ஏற்றுமதியை இறுக்கியது. கொரியாவுக்கு இந்த வகை யூரியா அநேகமாக முழுவதும் சீனாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. லாரிகள் நிற்கும் நிலைமை வந்ததும், விமானப்படை விமானத்தை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி 27,000 லிட்டர் கரைசல் எடுத்துவந்தார்கள். நம் ஊரில் பெட்ரோல் பங்கிலேயே வாளி கிடைக்கிறது. அதை வாங்காமல் உர மூட்டையைப் பிரிக்கிறோம்.

டிராவல்ஸ் நடத்துகிறவர்களுக்கும் டிரைவர் தம்பிகளுக்கும் என் வேண்டுகோள் கொஞ்சம்தான். திருக்கடையூர் சவாரிக்குக் கிளம்புமுன் ஊரிலேயே டெஃப் டேங்கைப் பாருங்கள். பாதிக்குக் கீழே இருந்தால் ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள். சீல் உடைக்காத வாளியாக வாங்குங்கள், தயாரித்த தேதியைப் படியுங்கள். 25 டிகிரியில் வைத்தால் 18 மாதம் தாங்குவது 35 டிகிரியில் 6 மாதம்தான் தாங்கும். கேரியரில் கட்டி வெயிலில் காயப்போட்ட வாளியை நம்பாதீர்கள். நீல மூடிக்குள் டீசலையோ, டீசல் டேங்குக்குள் யூரியாவையோ ஊற்றிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் சாவியைத் தொடாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஸ்டார்ட் பண்ணினால் செலவு பல மடங்கு. வாளி வாங்கிய பில்லை ஆர்.சி. புக்கோடு வண்டியிலேயே வையுங்கள். எப்போது ஊற்றினீர்கள், எங்கே ஊற்றினீர்கள் என்ற என் முதல் கேள்விக்கு அதில் பதில் இருக்கும்.